மெமரி ஃபுல்: நிரம்பியது எது?

காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைகளில் அன்றாடம் காதில் விழும் புகார் இது: "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, மெமரி ஃபுல்லாயிருச்சு போல." சொல்பவர் பலகாரக் கடை வைத்திருப்பவராக இருக்கலாம், ஆத்தங்குடியில் பூக்கல் (தரை டைல்ஸ்) பட்டறை நடத்துபவராக இருக்கலாம், கல்யாண வீடியோ எடிட் செய்பவராக இருக்கலாம். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "பழைய போட்டோவை எல்லாம் அழிச்சுப் பாத்துட்டேன், அப்பவும் அப்படியேதான் இருக்கு."

அப்படியேதான் இருக்கும். போட்டோ கிடந்தது ஓரிடம், நெருக்கடி வேறிடம். கம்ப்யூட்டருக்குள் தகவல் தங்கும் இடங்கள் இரண்டு. இரண்டையும் 'மெமரி' என்று ஒரே வாயில் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டையும் ஜிபியில்தான் அளக்கிறோம். எது எது என்று பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால், தேவையில்லாத பொருளுக்குக் காசு கொடுத்துவிட்டு, பழைய ஆமை வேகத்தையே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

பெட்டியின் பெயர் கேபினெட்

மேசைக்கு அடியில் நிற்கும் தகரப் பெட்டியை நம் பக்கம் 'சிபியு' என்றே சொல்கிறோம். உண்மையில் சிபியு என்பது அந்தப் பெட்டிக்குள் ஒரு விசிறிக்குக் கீழே மறைந்திருக்கும் சில்லு. பக்கத்துக்கு நாலு சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். அதற்கு இன்னொரு பெயர் பிராசஸர். கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றுவதுதான் அதன் வேலை: கூட்டு, கழி, இரண்டில் எது பெரிது பார், விடையை அங்கே வை. இவ்வளவு எளிய கட்டளைகளை நொடிக்குக் கோடிக்கணக்கில் செய்வதால்தான் அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது.

பிராசஸர், ரேம், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் இணைக்கும் பெரிய பச்சை அல்லது கறுப்புப் பலகை மதர்போர்டு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிக் கொடுக்கும் இரும்புக் கூடு எஸ்எம்பிஎஸ். "சிபியு போயிருச்சு" என்று வரும் பெட்டிகளில் பல நேரம் போயிருப்பது இந்த எஸ்எம்பிஎஸ்தான். பிராசஸர் தானாகப் பழுதாவது அபூர்வம். போனில் பழுதைச் சொல்லும்போது "பெட்டி ஆன் ஆகலை" என்று சொன்னாலே போதும். பாகத்தின் பெயரை நாமே தீர்மானித்துச் சொன்னால், அந்தப் பாகத்துக்கே பில் போடும் கடையும் உண்டு.

பெட்டியடியும் பின்கட்டும்

பர்மா, மலாயாவில் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்து நகரத்தார் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்வான கணக்குப் பெட்டிக்கு முன்னால் கணக்கப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெட்டியின் மேல் மூன்று நாலு ஏடுகளை விரிக்க இடம் உண்டு. மற்றப் பேரேடுகள், பழைய வருஷத்து ஐந்தொகைகள் எல்லாம் பின்கட்டு அறையில் அடுக்கியிருக்கின்றன. ஒருவருடைய வட்டிக் கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் பெட்டியடிப் பையன் போய் அந்த ஏட்டை எடுத்துவந்து விரிக்க வேண்டும். கணக்கப்பிள்ளை எழுந்து போய் அறைக்குள் நின்றுகொண்டு கணக்குப் போடுவதில்லை. அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதில்தான் வேலை நடக்கும்.

கணக்கப்பிள்ளைதான் பிராசஸர். விரித்து வைத்துப் பார்க்கும் அந்த மேல்பரப்பு ரேம். பின்கட்டு அறை சேமிப்பகம். அதாவது ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேல்பரப்பு சின்னதாக இருந்தால், ஓர் ஏட்டை எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்னோர் ஏட்டை விரிக்க முடியும். பையன் நாளெல்லாம் நடந்துகொண்டே இருப்பான். கணக்கப்பிள்ளை எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

ஓரிடத்தில் இந்த ஒப்பீடு பொருந்தாது, அதைச் சொல்லியாக வேண்டும். பையன் ஏட்டைத் தூக்கி வந்துவிட்டால் அறையில் அந்த இடம் காலி. கம்ப்யூட்டர் அப்படித் தூக்கி வருவதில்லை, நகல் எடுத்து வருகிறது. மூலம் ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கும். நாம் திரையில் பார்த்துத் திருத்துவது ரேமில் இருக்கும் நகலை. 'சேவ்' கொடுக்கும்போதுதான் அந்தத் திருத்தம் மூலத்துக்குப் போய்ச் சேர்கிறது.

ஆக, வேலை நடக்கும் இடம் ரேம், பொருள் தங்கும் இடம் சேமிப்பகம். போட்டோவை அழித்தால் காலியாவது இரண்டாவது இடம் மட்டும்.

ஒரு பில் போடும்போது உள்ளே நடப்பது

கடையில் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு, பில்லிங் மென்பொருளின் படத்தை இரண்டு தட்டுத் தட்டுகிறீர்கள். விண்டோஸ் முதலில் அந்த மென்பொருளின் கோப்பு ஹார்டு டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கிறது. அங்கிருந்து அதன் கட்டளைகளை ரேமுக்கு நகலெடுக்கிறது. பிராசஸர் ரேமிலிருந்து கட்டளைகளை வாசித்து நிறைவேற்றத் தொடங்குகிறது. திரையில் பில் படிவம் விரிகிறது. பிறகு உங்கள் சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவையும் அதே வழியில் ரேமுக்கு வருகின்றன. "மணகோலம் 2 கிலோ" என்று நீங்கள் அடிப்பது முதலில் ரேமில்தான் உட்காரும். பில்லை ஏற்றுக்கொள்ளச் சொல்லி என்டர் தட்டும்போது அது டிஸ்க்கில் எழுதப்படும்.

காலையில் முதல்முறை திறக்கும்போது அரை நிமிஷம் எடுக்கும் மென்பொருள், மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தால் சட்டென்று வந்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். மூடிய பிறகும் அதன் நகலை விண்டோஸ் ரேமில் விட்டு வைத்திருக்கிறது, மறுபடி கேட்பார்கள் என்று. வேறு எதற்காவது இடம் தேவைப்பட்டால் மட்டுமே அதைத் தள்ளிவிடும். அதனால் ரேம் ஓரளவு நிறைந்திருப்பது நோய் இல்லை. கொடுத்த காசுக்கு அது வேலை செய்கிறது என்றே அர்த்தம். 'ரேம் கிளீனர்', 'பூஸ்டர்' என்று வரும் மென்பொருள்கள் இப்படி வைத்திருந்ததையும் துடைத்துவிட்டு "ஒரு ஜிபி மீட்டுக் கொடுத்தேன்" என்று காட்டும். அடுத்த நிமிஷம் எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து மறுபடி இழுக்க வேண்டியிருக்கும். அவற்றை நிறுவாமலிருப்பது நல்லது. நிறுவியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஜிபி கணக்கு

கம்ப்யூட்டருக்குள் எல்லாமே இருக்கு, இல்லை என்ற இரண்டே நிலைகளில் எழுதப்படுகிறது. அந்த ஒற்றை இருக்கு–இல்லை ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு, இன்று இணையம் முழுக்கப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்; உயிர்மெய்யில் மெய்க்கு ஒரு குறி, உயிர்க்குறிக்கு ஒன்று. 'காரைக்குடி' என்று தமிழில் அடித்தால் பத்துக் குறி, 30 பைட். அதே பெயர் ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, ஒன்பது பைட். இதற்காகத் தமிழில் அடிக்கத் தயங்க வேண்டாம். ஒரு வருஷத்துக் கணக்கு முழுவதையும் தமிழில் எழுதினாலும் போனில் எடுத்த சில போட்டோக்கள் பிடிக்கும் இடத்தைக்கூட அது பிடிக்காது.

ஆயிரம் பைட் சுமார் ஒரு கேபி, ஆயிரம் கேபி ஒரு எம்பி, ஆயிரம் எம்பி ஒரு ஜிபி, ஆயிரம் ஜிபி ஒரு டிபி. 'சுமார்' என்றதற்குக் காரணம் உண்டு. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். விண்டோஸ் 1024 ஆகப் பெருக்கிக் காட்டுகிறது. அதனால்தான் 512 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி 476 ஜிபி என்றும், 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்றும் தெரிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ரேமில் இந்தச் சிக்கல் இல்லை, அதை இரு தரப்பும் 1024 கணக்கிலேயே அளக்கிறார்கள். ஆனால் அங்கே 8 ஜிபி போட்டிருந்தும் '7.8 பயன்படும்' என்று காட்டினால், மீதியைப் பெரும்பாலும் பிராசஸரோடு ஒட்டியிருக்கும் கிராஃபிக்ஸ் (திரையில் படம் காட்டும்) சில்லு எடுத்துக்கொண்டிருக்கும்.

இணைய வேகத்தை மட்டும் பைட்டில் சொல்லாமல் பிட்டில் சொல்கிறார்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் நொடிக்கு 100 மெகாபிட், எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. ஒரு ஜிபி படம் இறங்க, எல்லாம் சரியாக நடந்தால், 80 நொடி.

ஒன்று வேகம், ஒன்று மெதுவு: ஏன்?

ரேமில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு மிக நுண்ணிய மின்தேக்கி. அதில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. எந்தப் பிட்டையும் நேரடியாக எட்டிவிடலாம், தேடிப் போக வேண்டியதில்லை. சுமார் 100 நானோநொடியில் கைக்கு வந்துவிடும். ஒரு நானோநொடி என்பது நொடியை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஆனால் அந்த மின்தேக்கி ஓட்டை. மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு பிட்டையும் வாசித்து மறுபடி எழுதிப் புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் புதுப்பிப்பு நிற்கும், எழுதியிருந்தது அழிந்துவிடும். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டுக்கு இந்த அமைப்புக்கான காப்புரிமை 1968இல் கிடைத்தது. 1970இல் இன்டெல் விற்ற 1103 என்ற சில்லில் 1,024 பிட் இருந்தது. பைட் கணக்கில் 128. 'காரைக்குடி' என்று நாலுமுறை எழுதினால் நிரம்பிவிடும்.

ஹார்டு டிஸ்க் வேறு மாதிரி. உள்ளே காந்தப் பூச்சுப் பூசிய தட்டுகள் சுழல்கின்றன, அவற்றின் மேல் ஒரு கை நகர்ந்து போய் வாசிக்கிறது. காந்தத்தில் எழுதியது மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாது. அது நன்மை. தட்டு சுழன்று சரியான இடம் கைக்கு நேரே வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது தீமை. நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கே 8 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. பழைய லேப்டாப்களில் 5,400 சுற்றுதான். கை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு தேடலுக்கும் 10 மில்லிநொடி சுமார் போய்விடும். 1956இல் ஐபிஎம் விற்ற முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன, கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. அளவு சுருங்கிவிட்டது, கொள்ளளவு பெருகிவிட்டது, தட்டும் கையும் மட்டும் மாறவில்லை.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. காப்பிட்ட நுண்ணறைகளில் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைப்பதால் மின்சாரம் போனாலும் தகவல் இருக்கும், தேடவும் 0.1 மில்லிநொடி போதும். அதையும் பல வருஷம் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் போட்டு வைக்கக் கூடாது, உள்ளே இருப்பது மெல்லக் கசியலாம். கல்யாண வீடியோவைக் காலாகாலத்துக்கு வைத்திருக்க நினைப்பவர்களுக்கு ஹார்டு டிஸ்க்தான் இன்னும் தோது. அதுவும் ஒன்றில் வைக்காமல் இரண்டில்.

பெட்டி மேல் இருக்கும் ஏட்டை எடுக்கக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டி அறையிலிருந்து பையன் திரும்பிவரப் பதினேழு நிமிஷம். ஹார்டு டிஸ்க் அறைக்குப் போனால் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்து இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து வருவது எளிது.

ரேம் போதாமல் போனால்

ரேம் முழுவதும் நிறைந்துவிட்டால் கம்ப்யூட்டர் நின்றுவிடுவதில்லை. இப்போது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வேலைகளின் பகுதிகளை டிஸ்க்கில் ஒதுக்கி வைத்த ஓர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, வேலைக்கு வேண்டியதை உள்ளே இழுக்கும். அந்த ஒதுக்கிடத்துக்குப் பேஜ் ஃபைல் என்று பெயர். பில்லிங்கிலிருந்து பிரவுசருக்கு மாறினால் ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. திரும்பி வந்தால் மறுபடி அதே கூத்து. டிஸ்க் விளக்கு விடாமல் மின்னும், மவுஸ் தத்தித் தத்தி நகரும். 'ஹேங் ஆயிருச்சு' என்று நாம் சொல்வது பல நேரம் இதைத்தான். அப்போது பொறுமையிழந்து பட்டனை நாலைந்து முறை தட்டினால், தட்டிய ஒவ்வொன்றும் வரிசையில் சேர்ந்து இன்னும் மோசமாகும்.

விண்டோஸ் 11 நிறுவுவதற்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். 4 ஜிபியில் நிறுவலாம், நிம்மதியாக வேலை பார்க்க முடியாது. சும்மா இருக்கும்போதே விண்டோஸ் 2 முதல் 3 ஜிபி எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் நூறு முதல் சில நூறு எம்பி. பில், ஜிஎஸ்டி தளம், வாட்ஸ்அப் வெப் மூன்றையும் ஒன்றாகத் திறக்கும் கடைக்கு 8 ஜிபி தேவை. 4கே வீடியோ எடிட் செய்பவர்களுக்கு 16 குறைந்தபட்சம், 32 நல்லது.

எது குறை என்று பார்ப்பது

காசு செலவழிக்கும் முன் ஐந்து நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து, கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளின் மேல் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே 'மெமரி' என்று எழுதியிருப்பது ரேமை மட்டுமே குறிக்கும்.

மெமரி 90ஐத் தாண்டி நின்று, டிஸ்க்கும் உயரத்திலேயே இருந்தால் ரேம் பற்றாக்குறை. மெமரி 50, 60இல் இருக்க, டிஸ்க் மட்டும் 100இல் ஒட்டிக்கொண்டிருந்தால், உள்ளே இருப்பது சுழலும் டிஸ்க்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரேம் எவ்வளவு சேர்த்தாலும் இது தீராது, எஸ்எஸ்டி மாற்ற வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ஆறேழு வருஷமாக ஓடும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இதுதான், மருந்தும் இதுதான். ரேமை விட்டுவிட்டு முதலில் எஸ்எஸ்டிக்குக் காசு கொடுங்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தட்டினால் எஸ்எஸ்டியா ஹெச்டிடியா (சுழலும் ஹார்டு டிஸ்க்) என்று எழுதியிருக்கும்.

சிபியு 100இல் இருந்தால் அதன் தலைப்பைத் தட்டுங்கள். அதிகம் தின்னும் நிரல் மேலே வந்து நிற்கும். விண்டோஸ் அப்டேட்டாக இருந்தால் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். பெயர் தெரியாத ஏதாவது நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தால் வைரஸ் சந்தேகம் அப்போது நியாயம்தான். கோடையில் இன்னொரு காரணமும் சேரும்: செம்மண் தூசி விசிறியிலும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளிலும் அப்பிக்கொண்டால் பிராசஸர் சூடேறும்; சூடு எல்லை தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறியைச் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுகுழலால் தூசி தட்டினால் போதும்.

மூன்றுமே குறைவாக இருந்து இணையப் பக்கம் மட்டும் மெதுவாக வந்தால் குறை கம்ப்யூட்டரில் இல்லை, இணைப்பில்.

அப்படியானால் போட்டோவை அழிப்பதால் பயனே இல்லையா? விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் சிவப்பாகி விளிம்பில் நிற்கும்போது மட்டும் உண்டு. பேஜ் ஃபைலுக்கும் அப்டேட்டுக்கும் அங்கே இடம் வேண்டும்; எஸ்எஸ்டியும் முழுக்க நிரம்பினால் எழுதும் வேகம் குறையும். பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை காலியாக வைத்திருங்கள். அழித்தால் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், அதுவரை ஓர் எம்பிகூடத் திரும்பாது.

வாங்கும்போது

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே 'ஸ்லாட்: 2இல் 1' என்று போட்டிருக்கும். ஒன்று காலி என்றால் இருப்பதோடு இன்னொரு பட்டை சேர்க்கலாம். பெட்டிக் கம்ப்யூட்டருக்கான ரேம் பட்டை 13 சென்டிமீட்டர் நீளம், லேப்டாப்புக்கானது அதில் பாதி. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் தலைமுறைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பட்டையின் அடியிலுள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறிடத்தில் இருக்கும், அழுத்திப் போட்டால் ஸ்லாட்தான் உடையும். பழைய பட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவதே பாதுகாப்பு. மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அவற்றில் பின்னால் சேர்க்க வழியே இல்லை. வாங்கும் அன்றே போதுமான அளவுக்கு வாங்கிவிட வேண்டும். இன்னொன்று: 32 பிட் விண்டோஸ் ஓடும் பழைய பெட்டியில் 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அது தொடாது.

எஸ்எஸ்டியில் இரண்டு உருவம். இரண்டரை அங்குலச் சாட்டா வகை, பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். நொடிக்கு 550 எம்பிவரை தரும். சுழலும் டிஸ்க் 100 முதல் 200 தரும். எம்.2 வகை 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளமுள்ள பட்டை; அதற்கான ஸ்லாட் மதர்போர்டில் இருந்தால்தான் போடலாம். மாற்றும் முன் கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய டிஸ்க்கை வீச வேண்டாம், ஒரு கூடு வாங்கிப் போட்டால் வெளி டிஸ்க்காக உழைக்கும். வீடியோ எடிட் செய்பவர்களுக்கு இது மிகவும் தேவை: நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்த 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். எடிட் நடக்கும்வரை எஸ்எஸ்டியில், முடிந்ததும் சுழலும் டிஸ்க்கில்.

புது ரேம் போட்டபின் திரை வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பட்டை சரியாக உட்காரவில்லை. கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, இருபுறக் கொக்கியும் 'டிக்' என்று விழும்வரை நேராக அழுத்துங்கள்.

கரண்ட் போனால், ஷட்டவுன் செய்தால்

ரேமில் இருப்பது மின்சாரம் உள்ளவரைதான் என்பதால், கரண்ட் போன நொடியில் சேவ் செய்யாத பில் போய்விடும். கண்ட்ரோல், எஸ் இரண்டையும் அழுத்துவது பழக்கமாக வேண்டும். யுபிஎஸ் தருவது சில நிமிஷம். 600 விஏ (யுபிஎஸ்ஸின் திறன் அளவு) வகை ஒரு பெட்டிக்கும் திரைக்கும் கால் மணி நேரம் தாக்குப்பிடித்தால் பெரிது. அந்த நேரம் சேவ் செய்து அணைப்பதற்கு, சீரியல் பார்ப்பதற்கு இல்லை. டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இன்னும் ஆபத்து, கணக்குக் கோப்பே பாதியில் உடையலாம். பென்டிரைவை நகலெடுத்து முடிவதற்குள் உருவினாலும் இதே கதிதான்.

'ஸ்லீப்' நிலையில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், அதனால்தான் உடனே விழிக்கிறது. 'ஹைபர்னேட்' ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுவதும் அணைகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. விண்டோஸ் 10, 11இல் 'ஷட்டவுன்' கொடுத்தாலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியால் விண்டோஸின் அடிப்படைப் பகுதி டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படும். நேற்றைய கோளாறும் கூடவே வரும். எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவது 'ரீஸ்டார்ட்' மட்டும். பிரிண்டர் அடம்பிடித்தால் நாலுமுறை அணைத்துப் போடுவதைவிட ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

போன் பெட்டியில் எழுதியிருப்பது

போனிலும் இதே இரண்டு இடங்கள்தான். '8/128' என்றால் ரேம் 8, சேமிப்பகம் 128. விளம்பரத்தில் '8+8 ஜிபி ரேம்' என்று போட்டால் முதல் எட்டு மட்டும் உண்மையான ரேம். அடுத்த எட்டு சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது, மேலே சொன்ன பேஜ் ஃபைலின் தம்பி. ரேம் பிளஸ், மெமரி எக்ஸ்டென்ஷன் என்று கம்பெனிக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். அதை நம்பி 16 ஜிபி போன் என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று அடிக்கடி வந்தால் அந்த வசதியை செட்டிங்ஸில் அணைத்துவிட்டால் அத்தனை ஜிபி திரும்பும்.

போனில் "மெமரி ஃபுல்" என்று வரும்போது மட்டும் நிரம்பியிருப்பது அநேகமாகச் சேமிப்பகம்தான், நிரப்பியது வாட்ஸ்அப். அதற்குள் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போங்கள். 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக ஒரு வரிசையில் இருக்கும். கீழே எந்தக் குழு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருக்கும். காலை வணக்க வீடியோக்களை அங்கிருந்தே மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். பேரன் பேத்தி போட்டோவுக்கு நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தால், அழிக்கும்போது அவற்றை விட்டுவிடவா என்று அதுவே கேட்கும்.